போர்க்கால ஓதலும் இரண்டு ஏடுகளும்

ஒரு கல்விக்கூடம் போர்க்காலத்தைக் கடந்து பிழைத்தது என்று கேள்வியுற்றால் நாம் முதலில் எதைப் பாராட்டுகிறோம்? வெளியே குண்டு விழுந்துகொண்டிருக்க, உள்ளே மாணவர்கள் தலை நிமிராமல் ஓதிக்கொண்டிருந்தனர் என்பதைத்தான். போரே நடவாதது போல் ஓதினார்கள் என்பது இத்தகைய வரலாறுகளில் உச்சப் புகழ்மொழியாக விளங்குகிறது. இரண்டாம் உலகப் போரில் ஐரோப்பிய யூதர்களின் சமயக் கல்விக்கூடங்கள் பட்ட பாட்டைக் கூறும் நூல்களிலும் இப்புகழ்மொழி மீண்டும் மீண்டும் வருகிறது. அது போதுமானதா என்பதே நாம் ஈண்டு எழுப்பும் வினா. அந்நாட்களில் ஓதலை விடாது நடத்தியவர்கள் விட்டுச் சென்ற இரண்டு ஏடுகள் நம்முன் இருக்கின்றன. அவற்றைப் பொறுமையோடு பயில்வோர்க்கு, போரை மறந்து ஓதியதினும் போரை ஏட்டுக்குள் அனுமதித்து ஓதியதே அரிய செயல் என்பது விளங்கும்.

யெஷிவா என்பது யூதர்களின் சமயக் கல்விக்கூடத்துக்குப் பெயர். அமர்தல் என்பது அச்சொல்லின் வேர்ப்பொருள். நம் அரபி மதரஸாக்களைக் கண்ட கண்ணுக்கு அதன் அமைப்பு அந்நியமாகத் தோன்றாது. அங்கே முதன்மையாக ஓதப்படுவது தல்மூது என்னும் பெருநூல். அதன் பக்கங்களில் நடுவே மூலம் அமையும். ஒருபுறம் ராஷி என்று வழங்கப்பெறும் பதினொன்றாம் நூற்றாண்டு அறிஞரின் உரையும், மறுபுறம் அவருக்குப் பின்வந்தோர் எழுப்பிய தடைகளும் விடைகளும் அம்மூலத்தைச் சூழ்ந்து நிற்கும். மாணவர்கள் இருவர் இருவராக எதிரெதிரே அமர்ந்து உரத்த குரலில் வாதிட்டு ஓதுவர். பட்டத்துக்காகவோ பிழைப்புக்காகவோ அன்றி, ஓதலே ஒரு வணக்கம் என்னும் கொள்கையால் நடந்தவை அக்கூடங்கள். 1939இல் போர் மூண்டபோது போலந்திலும் லித்துவேனியாவிலும் மிர், ஸ்லபோட்கா, டெல்ஷே, லூப்லின் எனப் புகழ்பெற்ற யெஷிவாக்கள் பல இருந்தன. ஆறே ஆண்டுகளில் அந்நிலத்தில் அவற்றுள் ஒன்றும் எஞ்சவில்லை.

முழுமையாகப் பெயர்ந்து பிழைத்தது மிர் யெஷிவா. பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் மிர் என்னும் சிற்றூரில் தோன்றிய அக்கல்விக்கூடம், சோவியத் படைகள் அவ்வூரைக் கைக்கொண்டதும் 1939 அக்டோபரில் வில்னாவுக்குப் பெயர்ந்தது. பின்னர் லித்துவேனியாவின் உட்பகுதியில் கெய்டான் என்னும் ஊரில் தங்கியது. 1940 ஜூனில் லித்துவேனியாவும் சோவியத்தின் கைக்குப் போனபோது, அங்கிருந்து வெளியேறும் வழியை இரு தூதரக அலுவலர்கள் திறந்துவிட்டனர். டச்சுத் தூதுவர் யான் ஸ்வார்ட்டெண்டிக், குராசோ தீவுக்குச் செல்ல விசா தேவையில்லை என்று எழுதிக் கொடுத்தார். அந்தக் குறிப்பை ஆதாரமாகக் கொண்டு ஜப்பானியத் தூதுவர் சியுனே சுகிஹாரா தம் நாட்டின் வழியாகக் கடந்து செல்ல விசா வழங்கினார். அவர் வழங்கியவற்றின் பட்டியலில் 2,139 பெயர்கள் காணப்படுகின்றன. ஆசிரியரும் மாணவருமாக ஏறத்தாழ முந்நூறு பேர் சைபீரிய இரயில் பாதையில் விளாடிவோஸ்டாக் சென்று, கடல் கடந்து, 1941 தொடக்கத்தில் ஜப்பானின் கோபே நகரை அடைந்தனர். அவ்வாண்டிலேயே ஷாங்காய்க்கு அனுப்பப்பட்டனர்.

ஷாங்காயில் அவர்களுக்கு இடம் தந்தது பெத் ஆரோன் என்னும் தொழுகைக்கூடம். பாக்தாதில் பிறந்து பம்பாயில் வளர்ந்து ஷாங்காயில் பெருஞ்செல்வரான ஸைலஸ் ஹார்தூன் 1927இல் கட்டியது அது. அங்கே சயிம் ஷ்முவெலெவித்ஸ், எஹெஸ்கேல் லெவென்ஸ்டைன் ஆகியோரின் தலைமையில் போர் முடியும்வரை பாடம் நடந்தது. தல்மூதுப் பிரதிகள் போதாமற் போனபோது, கையிலிருந்த பிரதியைப் படமெடுத்து அங்கேயே மறு அச்சிட்டுக் கொண்டனர். 1943இல் ஜப்பானிய ஆட்சி, நாடற்ற அகதிகள் ஹோங்கியூ என்னும் நெரிசலான பகுதிக்குள் அடங்க வேண்டும் என ஆணையிட்ட பின்னரும் ஓதல் நிற்கவில்லை. 1946, 1947ஆம் ஆண்டுகளில் அவர்களுட் பெரும்பாலோர் அமெரிக்கா சென்றனர். யெஷிவாவின் தலைவர் எலியேசர் யெஹூதா பிங்கெல் முன்னரே ஜெருசலம் சென்று 1944இல் அங்கு நிறுவிய கிளை, இன்று உலகின் மிகப் பெரிய யெஷிவாக்களுள் ஒன்று.

இது வியப்புக்குரிய வரலாறு என்பதில் ஐயமில்லை. ஆயினும் இவ்வரலாற்றை எழுதுவோர் இரண்டு செய்திகளை விரைந்து கடந்துவிடுகின்றனர். ஒன்று, மிர் என்னும் ஊரில் எஞ்சிய மக்களின் கதி. மாணவர்கள் ஷாங்காயில் ஓதிக்கொண்டிருந்த 1941 நவம்பர் 9ஆம் நாள் அவ்வூரின் யூதர்கள் ஏறத்தாழ 1,500 பேர் ஒரே நாளில் கொல்லப்பட்டனர். கூடம் பெயர்ந்தது, அதற்குச் சோறிட்ட ஊர் அழிந்தது. மற்றொன்று, உதவியின் பங்கீடு. அமெரிக்க வைதிக ரப்பிமார்கள் 1939 நவம்பரில் நிறுவிய வாஆத் ஹட்ஸாலா என்னும் மீட்புக் குழு, முதலில் யெஷிவா ஆசிரியர்களையும் மாணவர்களையும் காப்பதையே தன் பணியாகக் கொண்டது. 1944இல்தான் தன் பணி எல்லா யூதர்க்கும் உரியது என்று அது விரித்துக்கொண்டது. இதனை வரலாற்றாசிரியர் எப்ராயிம் சூரோப் 2000இல் வெளியிட்ட தம் ஆய்வில் விரிவாக எழுதியுள்ளார். ஷாங்காயில் பல்லாயிரம் அகதிகள் அரைவயிற்றுக்கு வரிசையில் நின்றபோது, ஓதுவோர்க்குத் தனியே பொருள் வந்தது.

ஓதுவோரை முதலிற் காப்பது முறையா? மூலம் அழிந்தால் சமூகமே அழியும், ஆகவே அதைச் சுமப்போரை முதலிற் காக்க வேண்டும் என்பது ஒரு வாதம். தராசில் ஓர் உயிருக்கு மற்றோர் உயிரினும் மிகுந்த எடை உண்டோ என்பது எதிர்வாதம். இவ்வழக்கைத் தீர்த்துவைக்க நமக்குத் தகுதியில்லை. ஆனால் இவ்வழக்கு இருக்கிறது என்பதைச் சொல்லாமல், போரே நடவாதது போல் ஓதினார்கள் என்று மட்டும் எழுதும் நூல், அவ்வோதலின் விலையை மறைத்துவிடுகிறது. விலை மறைக்கப்பட்ட பொருளுக்கு மதிப்பும் தெரியாமற் போகும்.

இனி, தப்ப வழியில்லாத இடங்களில் நடந்த ஓதலைப் பார்ப்போம். முதலாவது லித்துவேனியாவின் கோவ்னோ நகரம். 1941 ஜூனில் ஜெர்மானியப் படை அந்நகரைப் பிடித்தது. எல்ஹானான் வாஸர்மன் என்னும் பேரறிஞர் ஜூலைத் தொடக்கத்தில் ஓதிக்கொண்டிருந்த வீட்டிலிருந்தே இழுத்துச் செல்லப்பட்டுக் கொலையுண்டார். நகரின் யூதர்கள் அனைவரும் ஆற்றுக்கு அப்பாலுள்ள ஸ்லபோட்கா என்னும் பகுதிக்குள் அடைக்கப்பட்டனர். தலைமுறை தலைமுறையாக மாணவரை ஈர்த்த யெஷிவாவால் பெயர் பெற்ற புறநகரே கெட்டோ எனப்பட்ட அடைப்பிடமாயிற்று.

அங்கே இருந்த இளம் ரப்பி எப்ராயிம் ஒஷ்ரி. 1914இல் பிறந்தவர். யூதரிடமிருந்து பறித்த நூல்களைக் குவித்து வைத்த கிடங்குக்கு ஜெர்மானியர் அவரையே காவலராக்கினர். பறிபோன நூல்களிடையே இருந்துகொண்டு, மக்கள் தம்மிடம் கேட்ட மார்க்கக் கேள்விகளுக்கு நூல்களைப் புரட்டி அவர் விடை கூறினார். சிமெண்டுப் பைகளிலிருந்து கிழித்த தாள்களில் குறிப்பெழுதித் தகரக் குவளைகளிலிட்டுப் புதைத்தார். 1944 ஆகஸ்டில் நகரம் விடுபட்டதும் தோண்டியெடுத்தார். அக்குறிப்புகளை விரித்து அவர் எழுதிய ‘ஆழங்களிலிருந்து’ என்னும் பொருள்படும் பெயர்கொண்ட எபிரேய நூல், 1959 முதல் 1979 வரை நியூயார்க்கில் ஐந்து தொகுதிகளாக வெளிவந்தது.

நூலின் வடிவம் பழையது. கேள்வி, விடை என்னும் வடிவம். நம் உலமாக்களின் ஃபத்வாத் தொகுப்புகளோடு பழகியவர்க்கு அது கைவந்த வடிவமே. ஆனால் கேள்விகள் எந்தத் தொகுப்பிலும் இல்லாதவை. என்னை அடிமையாகப் படைக்காத இறைவனுக்கு நன்றி என்று யூதர் நாள்தோறும் காலையில் ஓதும் ஒரு வாழ்த்துண்டு. சாட்டையடிக்கு நடுவே கட்டாய வேலைக்குப் போகிறவன் அதை ஓதலாமா, ஓதினால் பொய்யாகாதா என்று ஒருவர் கேட்கிறார். ஓதத்தான் வேண்டும், இந்நிலையில் அதைக் கைவிடலாகாது என்று ஒஷ்ரி விடை பகர்கிறார். அடிமைத்தனம் உடலைப் பற்றியது. ஓதுகிறவனின் உள்ளுரிமையை அது தொடவில்லை என்பது அவ்விடையின் சாரம். 1942இல் கூட்டுத் தொழுகையும் பாடமும் தடுக்கப்பட்டபின், உயிரைப் பணயம் வைத்தேனும் அவற்றைத் தொடர வேண்டுமா என்ற கேள்வியும் வந்தது. யூத நெறிமுறையில் உயிர்காத்தல் பெரும்பாலான விதிகளை மீறி நிற்கும். ஆனால் சமயத்தை அழிக்கவே பகைவன் ஆணையிட்டால் கணக்கு மாறும். அப்படியானால் இப்பகைவன் குறிவைப்பது சமயத்தையா, உயிரையா? சட்டநூலின் நுண்பிரிவு ஒன்று இங்கே வாழ்வா சாவா என்னும் வினாவாகிவிடுகிறது.

இதனினும் கொடிய கேள்வி ஒன்று அந்நகரின் தலைமை ரப்பி அவ்ராஹாம் கஹானா ஷாபிராவிடம் வந்தது. 1941 அக்டோபர் இறுதியில், கெட்டோவில் உள்ளோர் அனைவரும் திடலில் கூட வேண்டும் என்று ஜெர்மானியர் ஆணையிட்டனர். அந்த ஆணையை மக்களுக்கு அறிவிப்பதா, வேண்டாமா என்று மன்றத்தார் அறிய விழைந்தனர். அறிவித்தால் கொலைக்குத் துணைபோனதாகுமா? அறிவிக்காவிடின் அனைவரும் அழிவரா? எழுபதைக் கடந்த, நோயுற்ற அம்முதியவர் உடனே விடை கூறவில்லை. நூல்களைப் பார்க்க நேரம் கேட்டார். இரவெல்லாம் ஏடுகளைப் புரட்டினார். ஒரு பகுதியினரையேனும் காக்க வழியிருக்குமானால், தலைவர்கள் துணிந்து பொறுப்பேற்று அதனைச் செய்ய வேண்டும் என்று முடிவு கூறினார். அக்டோபர் 28ஆம் நாள் மக்கள் திடலில் கூடினர். அவர்களுள் ஏறத்தாழ 9,200 பேர் பிரிக்கப்பட்டு, மறுநாள் ஒன்பதாம் கோட்டையில் கொல்லப்பட்டனர்.

அந்த இரவில் அவர் நூலைத் திறந்தது எதற்காக? முன்னோர் நூலில் இதற்கு விடை எழுதிவைத்திருக்க மாட்டார்கள் என்பதை அவர் அறியாதவரல்லர். தன் அச்சமோ தன் மக்களின் அச்சமோ தீர்ப்பாகிவிடக் கூடாது என்பதற்காக, நூற்றாண்டுகளின் முன்னிலையில் வழக்கை வைத்தார். ஓதல் அன்று புகலிடமாக இல்லை, நீதிமன்றமாக இருந்தது. அந்த மன்றத்தில் கிடைத்த தீர்ப்பு சரியா என்று பிற்காலத்தார் வாதிடலாம், வாதிட்டும் வருகின்றனர். தீர்ப்பளித்தவர் 1943இல் அந்தக் கெட்டோவிலேயே இறந்தார்.

ஒஷ்ரியின் நூலை இலக்கியமாக எடைபோடும்போது ஒரு குறையையும் சொல்லியாக வேண்டும். நாம் இன்று படிப்பது சிமெண்டுத் தாளின் எழுத்தன்று. போருக்குப் பின், அமைதியான நகரில், நிறைந்த நூலகத்தின் துணையோடு விரித்தெழுதப்பட்டது. அன்றைய குறிப்பு எவ்வளவு, பின்னைய விரிவு எவ்வளவு என்று வாசகன் பிரித்தறிய முடியவில்லை. கேள்விகளில் கெட்டோவின் மூச்சு கேட்கிறது. விடைகளிலோ சில இடங்களில் நூலகத்தின் அமைதி தெரிகிறது. சாட்சியத்துக்கும் சட்டநூலுக்கும் இடையே அது ஊசலாடுகிறது.

அக்குறை இல்லாத ஏடு வார்ஸாவிலிருந்து வந்தது. அதன் ஆசிரியர் கலோனிமுஸ் கல்மான் ஷாபிரா. 1889இல் ஹசிதிய ஞானவழிக் குடும்பமொன்றில் பிறந்தவர். பியசெட்ஸ்னோ என்னும் ஊரின் ரப்பி. 1923இல் வார்ஸாவில் தஆத் மோஷே என்னும் யெஷிவாவை நிறுவினார். 1932இல் ‘மாணவர் கடமை’ என்று பொருள்படும் நூலை வெளியிட்டார். ஆசிரியன் எத்துணை வல்லவனாயினும், மாணவன் தனக்குத் தானே ஆசிரியனாக மாறாதவரை கல்வி பயன்தராது என்பது அந்நூலின் மையக் கருத்து. இதனை நினைவில் கொள்ள வேண்டும். பின்னால் இது அவருக்கே பொருந்தப் போகிறது.

1939 செப்டம்பரில் வார்ஸா மீது குண்டு மாரி பொழிந்தபோது அவருடைய ஒரே மகன் காயமுற்று இறந்தார். மருத்துவமனை வாயிலில் காத்திருந்த மருமகளும் குண்டுக்கு இரையானார். சில வாரங்களில் தாயாரும் காலமானார். மனைவி போருக்கு முன்பே மறைந்துவிட்டார். யெஷிவா மூடப்பட்டது. 1940 நவம்பரில் கெட்டோவின் மதில் அடைபட்டது. டிஸெல்னா தெரு 5ஆம் எண்ணுள்ள தம் வீட்டில் அவர் தொழுகையும் பாடமும் நடத்தினார். ஓய்வுநாள்களிலும் திருநாள்களிலும் இட்டிஷ் மொழியில் உரை நிகழ்த்தி, ஓய்வுநாளில் எழுதுதல் ஆகாதாகையால் பின்னர் நினைவிலிருந்து எபிரேயத்தில் எழுதிவைத்தார். 1939 இலையுதிர்காலம் முதல் 1942 ஜூலை வரை அவ்வுரைகள் தொடர்கின்றன. கடைசி உரைக்குச் சில நாள்களில், ஜூலை 22இல், வார்ஸா யூதர்களை ட்ரெப்ளிங்காவுக்கு அனுப்பும் பேரழிவு தொடங்கிற்று. அடுத்த மாதம் மகளும் கொண்டுசெல்லப்பட்டார்.

இவ்வுரைகளைப் படிப்பவர் முதலில் ஏமாற்றமடையக்கூடும். பகைவனின் பெயர் அவற்றில் இல்லை. பட்டினியின் கணக்கில்லை, தெருவில் கிடந்த பிணங்களின் வருணனையில்லை. அவ்வார வேதப்பகுதி, அதற்கு முன்னோர் உரை, அதன்மேல் ஒரு தடை, அதற்கொரு விடை என்று வழக்கமான பாதையிலேயே உரை நடக்கிறது. போரே நடவாதது போல் ஓதினார் என்று இவரையும் சிலர் புகழ்ந்துவிடுவர். கூர்ந்து நோக்குமிடத்து, அவர் எடுத்துக்கொள்ளும் தடைகளே போரினால் எழுந்தவை என்பது புலனாகும்.

மகனையும் தாயையும் அடக்கம் செய்த சில வாரங்களில், 1939 நவம்பரில், அவர் நிகழ்த்திய உரையை எடுத்துக்கொள்வோம். அவ்வாரத்து வேதப்பகுதி சாராவின் மரணம். யூத மரபில் பலிக்குக் கொண்டுசெல்லப்பட்டவர் இஸ்ஹாக். அச்செய்தி கேட்ட அதிர்ச்சியில் சாரா உயிர்நீத்தார் என்பது அவர்களின் பழைய விரிவுரை. நம் மரபு இவ்விடத்தில் வேறுபடுகிறது என்பதை வாசகர் அறிவர். நாம் அந்நூலை அதன் மரபுக்குள் நின்றே பார்க்கிறோம். சாரா ஏன் இறந்தார்? துயரைத் தாங்கும் ஆற்றல் குறைந்ததாலா? ஷாபிரா அவ்வாறு கொள்ளவில்லை. துன்பத்துக்கும் ஓர் அளவுண்டு, உப்பு அளவோடிருந்தால் உணவு சுவைக்கும், மிகுந்தால் உண்ண முடியாது என்னும் முன்னோர் உவமையை எடுத்துவைக்கிறார். உப்பின் அளவை வள்ளுவர் ஊடலுக்கு உவமை கூறியதை அறிந்த தமிழருக்கு இவ்வுவமையின் நயம் உடனே விளங்கும். பின்னர் அவர் கூறுவதன் கருத்து இது: மனிதனால் இதற்குமேல் தாங்க இயலாது என்பதைத் தம் மக்களின் சார்பில் இறைவன் திருமுன் எடுத்துக்காட்டவே சாரா தம் உயிரை விட்டார். மகனை இழந்த தந்தை தம் மகனைப் பற்றி ஒரு சொல்லும் பேசவில்லை. சாராவைப் பற்றியே பேசினார். கேட்டோர் அனைவருக்கும் யாரைப் பற்றிய பேச்சு அது என்பது தெரிந்திருக்கும்.

1942இல் அவருடைய உரைகள் மேலும் ஆழமாகின்றன. இறைவனின் உள்ளறை ஒன்றைப் பற்றியும், அங்கே அவன் அழுகையைப் பற்றியும் தல்மூதில் ஒரு பகுதியுண்டு. இறைவனைப் பற்றி இப்படிச் சொல்ல நம் நா எழாது. யூத அறிஞர்களும் அதனை உருவகமாகவே பெரிதும் கொள்வர். ஆனால் ஷாபிரா அவ்வுருவகத்திலிருந்து எடுக்கும் முடிவு ஓதலைப் பற்றியது. தன் துயரத்துக்காகத் தனித்து அழுகிறவன் நொறுங்கிப்போவான், ஏட்டைத் திறக்கவும் வலுவிழப்பான். தன் துயரத்தைத் தனக்கு மேலான ஒன்றின் துயரத்தோடு சேர்த்து அழுகிறவனுக்கு எழுந்து ஓதும் வலு பிறக்கும் என்கிறார். பசித்த வயிற்றோடு எப்படி ஓதுவது என்பது அவர்முன் அமர்ந்திருந்தோரின் உண்மையான கேள்வி. ஓதுங்கள் என்று அவர் அதட்டவில்லை. ஓத முடியாமையை ஒப்புக்கொண்டு, அங்கிருந்து ஒரு வழி தேடினார்.

இந்த ஏட்டின் சிகரம் ஓர் உரையன்று, ஓர் ஓரக்குறிப்பு. 1941 டிசம்பரில், ஹனுக்கா திருநாளில் நிகழ்த்திய உரையில் அவர் கேட்போரை இலேசாகக் கண்டிக்கிறார். இத்தகைய துன்பம் முன்பு எக்காலத்திலும் வந்ததில்லை என்று கூறிச் சிலர் நம்பிக்கை தளர்கின்றனர். இது தவறு, கோயில் இடிந்தபோதும் பெத்தார் வீழ்ந்தபோதும் நம் முன்னோர் இத்தகையவற்றைக் கண்டனர் என்பது அவர் வாதம். ஏறத்தாழ ஓராண்டு கழித்து, 1942 நவம்பர் 27இல், மக்களில் பெரும்பகுதி ட்ரெப்ளிங்காவில் அழிந்தபின், ஒரு தொழிற்கூடத்தில் வேலையாளாக அவர் உயிர்தரித்திருந்தபோது, அப்பழைய தாளை எடுத்து அதனருகே ஒரு குறிப்பெழுதினார். அவ்வாண்டுக் கோடை வரையிலான துன்பங்களுக்கே அன்று சொன்னது பொருந்தும். அதன்பின் நிகழ்ந்தவற்றுக்கு வரலாற்றில் நிகர் இருப்பதாகத் தாம் அறியவில்லை என்பது அதன் பொருள்.

கேட்க ஒரு மாணவனும் எஞ்சாத நிலையில், அச்சாகும் என்ற உறுதியும் இல்லாத தாளில், எவரும் வற்புறுத்தாமல், ஓர் அறிஞர் தம் வாதத்தைத் தாமே திருத்துகிறார். உரையை அவர் கிழித்தெறியவில்லை, அழித்தெழுதவுமில்லை. பழைய சொல்லும் புதிய சொல்லும் அருகருகே நிற்கின்றன. யெஷிவா என்பது கட்டடமா, மாணவர் எண்ணிக்கையா, இருவர் எதிரெதிரே அமர்ந்து ஒருவர் கூற்றை மற்றவர் மறுக்கும் ஒழுங்கா என்று கேட்டால், இக்குறிப்பே விடை கூறும். எதிரே அமர ஆளில்லாதபோது அவர் தமக்குத் தாமே எதிரே அமர்ந்தார். மாணவன் தனக்குத் தானே ஆசிரியனாக வேண்டும் என்று 1932இல் எழுதியவர், பத்தாண்டுகள் கழித்து அதனைச் செய்துகாட்டினார். போரே நடவாதது போல் ஓதியிருந்தால் இக்குறிப்பு பிறந்திராது. உண்மைக்குக் கடன்பட்ட ஓதலாக அது இருந்ததாற்றான் பிறந்தது.

அவர் 1943 ஜனவரியில் ஒரு கடிதமெழுதி, ஏட்டைக் கண்டெடுப்போர் அதனைப் பாலஸ்தீனத்திலிருந்த தம் சகோதரருக்கு அனுப்ப வேண்டும் என்று கேட்டுக்கொண்டார். வரலாற்றாசிரியர் இம்மானுவேல் ரிங்கெல்புலூம் கெட்டோவில் மறைவாகத் திரட்டிய ஆவணங்களோடு அவ்வேடும் பால்குடங்களில் அடைக்கப்பட்டு, நொவோலிப்கி தெருவில் புதைக்கப்பட்டது. அவ்வாண்டு நவம்பரில் ட்ராவ்னிகி முகாமில் அவர் கொல்லப்பட்டார் என்பது ஆய்வாளர் முடிபு. 1950 டிசம்பரில் பால்குடங்கள் தோண்டியெடுக்கப்பட்டன. 1960இல் உரைகள் அச்சேறின.

அந்தப் பதிப்பில்தான் நூலுக்கு ‘எஷ் கோதெஷ்’, அதாவது புனித நெருப்பு, என்னும் பெயர் வந்தது. ஆசிரியர் இட்ட பெயர் அதுவன்று. சினத்தின் ஆண்டுகளில் கண்ட வேதவிளக்கங்கள் என்றே அவர் எளிமையாக எழுதியிருந்தார். பதிப்பாளர்கள் பக்தியோடு செய்த பணியாயினும், கையெழுத்துப் படிக்கும் அச்சுக்கும் வேறுபாடுகள் நேர்ந்தன. 2017இல் டேனியல் ரைஸர் வெளியிட்ட இரு தொகுதிப் பதிப்பு, கையெழுத்துத் தாள்களை அவ்வாறே படமாகக் காட்டி, எது முதலில் எழுதப்பட்டது, எது பின்னர்ச் சேர்க்கப்பட்டது, எது அடிக்கப்பட்டது என்பதைப் படிப்படியாகப் பிரித்துக் காட்டுகிறது. ஷாபிரா தம் உரைகளைத் திரும்பத் திரும்பத் திருத்தியவர் என்பது இதனால் தெளிவாயிற்று. சுவடியையும் பாடபேதத்தையும் மதிக்கத் தெரிந்த தமிழ் வாசகர்க்கு இப்பணியின் அருமையை விளக்க வேண்டுவதில்லை. அடித்தல் திருத்தல்களை நீக்கிய தூய பதிப்பு ஒரு புனிதரைத் தருகிறது. அவற்றை வைத்துக்கொண்ட பதிப்பு சிந்திக்கும் மனிதரைத் தருகிறது. நமக்குப் பின்னவரே வேண்டும்.

அப்படியானால் ஷாங்காய் சென்றோரின் ஓதல் தாழ்ந்ததா? அவ்வாறு கூறுவது நன்றியற்ற திறனாய்வாகும். பால்குடத்தில் கிடந்த தாள் தானாகப் பேசாது. சுருக்கெழுத்தாக வரும் ஒரு மேற்கோளைக் கண்டதும் இது தல்மூதின் எந்தப் பகுதி, ராஷி அதற்கு என்ன சொன்னார், பின்வந்தோர் எங்கே மறுத்தனர் என்று உணரும் காதுகள் வேண்டும். அக்காதுகள் நூலைக் கொண்டு மட்டும் உருவாவதில்லை. ஓர் ஆசிரியரிடமிருந்து மாணவனுக்கு, ஒரு குரலிலிருந்து மற்றொரு குரலுக்கு வருபவை. பெத் ஆரோன் கூடத்தில் ஐந்தாண்டுகள் ஒலித்த குரல் அவ்வழியைத் தூர்ந்துபோகாமற் காத்தது. மிர் யெஷிவாவின் மரபும் ஷாபிராவின் ஹசிதிய மரபும் தம்முள் வேறானவை; பழங்காலத்தில் கடுமையாகப் பொருதியவை. எனினும் ஒன்று காத்த வாசிப்பு முறையாற்றான் மற்றதன் ஏடும் இன்று வாசிக்கப்படுகிறது.

ஆகவே இவற்றுள் உயர்ந்தது எது என்று தரவரிசை வகுப்பது நம் நோக்கமன்று. புகழ்மொழியைத் திருத்துவதே நோக்கம். போர்க்காலத்தில் கல்வி நிலைத்தது என்று கேட்கும்போது, எத்தனை மாணவர், எத்தனை நாள் தடையின்றிப் பாடம் என்ற கணக்கோடு நாம் நின்றுவிடலாகாது. அக்கல்வி தன் வாயிலில் வந்து நின்ற கேள்வியை உள்ளே விட்டதா? விட்டபின் தன் பழைய விடையை மீண்டும் எடுத்துப் பார்த்ததா? கோவ்னோவின் முதியவர் இரவெல்லாம் ஏட்டைப் புரட்டியதும், வார்ஸாவின் ஆசிரியர் ஓராண்டுக்கு முன் எழுதிய தாளின் ஓரத்தில் சில வரிகள் சேர்த்ததும் அதற்குச் சான்று. நம் வீடுகளிலும் பள்ளிகளிலும் பிள்ளைகளை ஓதவைக்கும் நாம், அவர்களுடைய கிதாபின் ஓரத்திலும் எழுத இடமிருக்கிறதா என்று பார்த்துவைப்பது நலம்.